பழைய டிராம்போனில் மவுத்பீஸ் பொருந்தாவிட்டால் எதைக் கடைவது?

காட்பாடியிலிருந்து எழுதியிருக்கும் அன்பரின் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தாத்தா திருச்சபைப் பேண்டில் வாசித்த டிராம்போன் (ஸ்லைடு என்ற நீளும் குழாய் கொண்ட பித்தளை ஊதுகருவி) வீட்டில் இருக்கிறது, மணி போல விரிந்த அதன் முனையில் பூசி அண்ட் ஹாக்ஸ், லண்டன் என்று செய்த கம்பெனியின் பெயர் பொறித்திருக்கிறது, கூடவே இருந்த, உதடு வைத்து ஊதும் மவுத்பீஸ் தொலைந்துவிட்டதால் இணையத்தில் ஆறரை ஏ.எல். என்ற அளவில் ஒன்றை வாங்கினார். ஏறக்குறைய ஓர் அங்குலம் உள்ளே போக வேண்டிய அது நுனி மட்டும் நுழைந்து, இறுக்கம் கொடுக்காமல் ஆடுகிறது. தெரிந்த லேத் பட்டறைக்காரர், துளையைச் சீவிப் பெரிதாக்கும் ரீமர் என்ற கருவியை விட்டுக் குழாயின் வாயை அகலப்படுத்தித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா என்று கேட்கிறார். கேள்வி ரீமரைப் பற்றியது போலத் தோன்றினாலும், ஒன்றோடொன்று சேராத இரண்டு பொருள்களில் குறை எதனிடம் இருக்கிறது, எதில் கைவைப்பது என்பதைத்தான் அவர் உண்மையில் கேட்கிறார். ரீமர் வேண்டாம் என்பது என் பதில். குழாயைத் தொடாமல் முதலில் அளவெடுங்கள். அதன் பிறகும் ஒன்றை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மவுத்பீஸை மாற்றுங்கள். நான் ராணிப்பேட்டையில் டர்னர் வேலை பழகியவன். சபைப் பேண்டில் டிராம்போன் வாசிப்பவன். வேலூர் வட்டாரத்துப் பேண்டுக்காரர்களின் பித்தளைக் கருவிகளைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வருகிறேன். உங்கள் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், எதை உறுதியாகச் சொல்கிறேன், எது அளந்த பிறகே தெரியும் என்பதைப் பிரித்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். மவுத்பீஸின் மேல் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்தும் உதடு படும் கிண்ணத்தைப் பற்றியவை. மவுத்பீஸ் செய்யும் பாக் கம்பெனியின் முறையில் எண் கூடக் கூடக் கிண்ணத்தின் அகலம் குறையும். எழுத்து ஆழத்தைக் காட்டும். குழாய்க்குள் நுழையும் கீழ்ப்பகுதியான ஷாங்க் எவ்வளவு பருமன் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பு இல்லை. ஆறரை ஏ.எல். சிறிய ஷாங்கிலும் வருகிறது, பெரிய ஷாங்கிலும் வருகிறது; வாங்கும்போது இரண்டில் எது என்று தனியாகக் கேட்க வேண்டும். டெனிஸ் விக் மவுத்பீஸ்களில் இந்தக் குழப்பம் குறைவு. 6பிஎஸ் என்றால் சிறிய ஷாங்க், 6பிஎல் என்றால் பெரிய ஷாங்க் என்று எண்ணின் இறுதி எழுத்தே சொல்லிவிடும். புதிதாக வாங்கிய மவுத்பீஸ் பொருந்தவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கும். கிண்ணத்தின் அளவை ஆசிரியரிடமோ நண்பரிடமோ கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். ஷாங்கைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஷாங்கின் நுனி விட்டத்தை வெர்னியரில் அளந்தால், இன்று கடையில் கிடைப்பவை பொதுவாக மூன்று அளவுகளில் அடங்கும். சிறியது சுமார் 11 மி.மீ., பெரியது சுமார் 12.7 மி.மீ. இரண்டுக்கும் நடுவே சுமார் 12 மி.மீ. அளவில் ஒன்று உண்டு; அது பெசன் கம்பெனியின் பழைய யூபோனியம் என்ற ஊதுகருவிகளுக்கு உரியது, டிராம்போனுக்கு அல்ல என்றாலும் பழைய பொருள் விற்கும் இடங்களில் டிராம்போன் மவுத்பீஸ்களோடு கலந்து கிடக்கும். ஷாங்க் நேரான உருளை அல்ல. நுனியிலிருந்து மேலே போகப் போக, ஏறத்தாழ ஒவ்வொரு 20 மி.மீ. நீளத்துக்கும் 1 மி.மீ. பருக்கிறது. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் மற்றவை விளங்கிவிடும். விட்டத்தில் 0.1 மி.மீ. வேறுபாடு இருந்தால் உள்ளே போகும் ஆழத்தில் 2 மி.மீ. வேறுபாடு வரும். சிறியதற்கும் பெரியதற்கும் இடையிலுள்ள 1.7 மி.மீ. வேறுபாடு ஆழக் கணக்கில் 34 மி.மீ. ஆகிறது, ஆகவே சிறிய ஷாங்குக்கான குழாயில் பெரிய ஷாங்க் வாயிலேயே நின்றுவிடும், பெரிய ஷாங்குக்கான குழாயில் சிறிய ஷாங்க் கழுத்து வரை விழுந்துவிடும். நுனி மட்டும் நுழைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சிறிய ஷாங்க் டிராம்போனுக்குப் பெரிய ஷாங்க் மவுத்பீஸ் வந்திருக்கிறது என்றே கருதுகிறேன். நுனியை அளந்து 12.7-க்குப் பக்கத்தில் வந்தால் அது உறுதியாகிவிடும். திருப்பிக் கொடுத்து, அதே கிண்ண அளவில் சிறிய ஷாங்க் வாங்கினால் வேலை முடிந்தது.

அளந்து 11 வந்தால்தான் உங்கள் கேள்வி கடினமாகிறது. பழைய பிரிட்டிஷ் டிராம்போன்கள் இன்றைய கருவிகளைவிடக் குறுகிய துளை கொண்டவை. அவற்றில் சில, இன்றைய சிறிய ஷாங்கைவிடவும் ஒல்லியான ஷாங்கை எதிர்பார்க்கும். ஷாங்கின் பருமன் மட்டுமல்லாமல், மேலே போகப் போகப் பருக்கும் சரிவும் மாறுபடலாம். லேத் வேலை தெரிந்தவர்களுக்கு மோர்ஸ் டேப்பர் என்ற சரிவு பழக்கமானது. பெரிய டிரில்லின் அடிப்பகுதி லேத்தின் பின்முனையான டெயில்ஸ்டாக்கில் கவ்விக்கொள்வது அந்தச் சரிவினால்தான். மவுத்பீஸ் ஷாங்க்கும் ஏறத்தாழ மோர்ஸ் 0 எண்ணின் சரிவைப் பின்பற்றுகிறது என்று சொல்வது வழக்கம். ஒன்றுபடுவது சரிவு மட்டுமே, விட்டம் அல்ல. ஆகவே மோர்ஸ் 0 ரீமரை எடுத்து அப்படியே விட்டால் சரியாகிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எல்லாக் கம்பெனியும் எல்லாக் காலத்திலும் ஒரே சரிவை வைத்துக்கொள்ளவும் இல்லை. அமெரிக்காவில் எல்கார்ட் நகரில் செய்யப்பட்ட கான் 88எச் டிராம்போன்களில் ரெமிங்டன் என்று பெயர் பெற்ற வேறொரு சரிவு இருந்தது. ரோச்செஸ்டர் நகரத்து ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் நெடுங்காலம் டிராம்போன் கற்பித்த எமரி ரெமிங்டனின் பெயரால் வந்தது அது. அந்தக் குழாயில் சாதாரணப் பெரிய ஷாங்க் மவுத்பீஸைப் போட்டால், நுனி விட்டம் சரியாக இருந்தும் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு ஆடும். உங்களுடையது கான் அல்ல. ஆனாலும், அளவு ஒத்துவந்தும் ஆடுகிறதென்றால் சரிவைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரிவு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. முதலில் குழாயின் வாயைச் சுத்தம் செய்யுங்கள். பல ஆண்டுகள் பரணில் கிடந்த கருவியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதுவே கால் மில்லிமீட்டரை அடைத்துக்கொள்ளும். மேலே சொன்ன கணக்கின்படி, விட்டத்தில் கால் மில்லிமீட்டர் என்பது ஆழத்தில் 5 மி.மீ. வெதுவெதுப்பான நீர், சோப்பு, மென்மையான நீண்ட பிரஷ் போதும். குத்துவிளக்குத் துலக்குவதைப் போலப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்தப் புளிப்பு ஸ்லைடின் உட்குழாயில் தங்கினால் முலாமுக்குக் கேடு. காய்ந்த பிறகு, ஷாங்கின் வெளிப்பரப்பில், நுனியிலிருந்து மேல்வரை நீளவாக்கில், சுற்றிலும் மூன்று இடங்களில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். மவுத்பீஸை நேராகச் செருகி, கால் சுற்றுக்கும் குறைவாக மெதுவாகத் திருப்பி, நேராக வெளியே எடுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. கோடு முழு நீளத்துக்கும் சீராக மங்கியிருந்தால் சரிவு ஒத்திருக்கிறது. மேல் ஓரத்தில் மட்டும் ஒரு வளையமாக அழிந்திருந்தால், ஷாங்கின் சரிவு குழாயினுடையதைவிட அதிகம். வாயில் கவ்விக்கொண்டு, நுனி உள்ளே பிடிப்பில்லாமல் நிற்கிறது. நுனியில் மட்டும் அழிந்திருந்தால் குழாயின் சரிவு அதிகம், அல்லது வாய் விரிந்துவிட்டது. மூன்று கோடுகளில் ஒன்று மட்டும் அழிந்து மற்ற இரண்டும் அப்படியே இருந்தால் குழாயின் வாய் நெளிந்திருக்கிறது என்று பொருள். கருவி கீழே விழுந்ததால் வட்டம் முட்டை வடிவமாகியிருக்கும். பழைய பேண்டுக் கருவிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அதற்கு வேண்டியது, வழவழப்பாகக் கடைந்த, சரிவுள்ள எஃகுக் கட்டையை உள்ளே விட்டு மெல்ல வட்டத்துக்குக் கொண்டுவருவது. அங்கே ரீமர் விட்டால், நெளிந்த பக்கத்தின் உலோகம் மட்டும் சீவப்பட்டு அந்த இடம் தாள் போல மெலிந்துவிடும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான டிராம்போன்களில், மவுத்பீஸ் நுழையும் வாய் என்பது ஸ்லைடின் உட்குழாய்க்குள் செருகிப் பற்றவைத்த, ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள லீட்பைப் என்ற மெல்லிய குழாயின் தொடக்கமே. அது சற்றுத் தூரம் குறுகிக்கொண்டே போய், பிறகு விரிந்து, உட்குழாயின் அளவோடு சேரும். ஊதும்போது கிடைக்கும் எதிர்ப்பும் சுரங்கள் தம் இடத்தில் வந்து நிற்கும் தன்மையும் பெருமளவு இந்தக் குழாயைப் பொறுத்தவை. பழைய கருவிகளில் இது அரித்துப்போய், பழுதுபார்த்தவர் யாரோ கழற்றி எறிந்திருப்பதும் உண்டு. வெளி ஸ்லைடை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, உட்குழாயின் கீழ்முனையிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தொலைவில் ஒரு படி போன்ற வளையம் தெரிந்தால் லீட்பைப் இருக்கிறது. வெறும் நேர்குழாயாகத் தெரிந்தால், நீங்கள் மவுத்பீஸைப் பொருத்திப் பார்ப்பது இருக்க வேண்டிய குழாயில் அல்ல. வேறு எதைச் சரிசெய்தும் பயன் இருக்காது, லீட்பைப்பைத்தான் முதலில் தேட வேண்டும். உங்கள் மவுத்பீஸ் உள்ளே விழாமல் வாயிலேயே நிற்பதால், உங்களுடையது கழற்றப்படாமல் இருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

இதனால்தான் ரீமர் வேண்டாம் என்கிறேன். லீட்பைப்பின் சுவர் மிக மெல்லியது; நூறு ஆண்டை நெருங்கும் பித்தளை எச்சிலால் உள்ளுக்குள் அரிக்கப்பட்டிருக்கும். அரித்த இடத்தில் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மிஞ்சி, இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் ரீமர் பட்டால் உதிர்ந்துவிடும். பித்தளை வெட்டும் கருவியைக் கவ்வி இழுக்கும் இயல்புடையது என்பது உங்கள் லேத்காரருக்கும் தெரிந்திருக்கும். கையால் திருப்பும் ரீமர் ஒரு கணம் கவ்வினால் பழைய பற்றாசு விட்டுக் குழாயே உள்ளே சுழன்றுவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும், வாயை அகலப்படுத்துவதால் ஷாங்கின் நுனி லீட்பைப்பின் குறுகலுக்குள் அதிக ஆழம் போய் நிற்கும். தாத்தா வாசித்தபோது இருந்த கருவியாக அது பிறகு இருக்காது. சீவிய உலோகத்தை மறுபடி வைக்க வழி இல்லை. நல்ல பட்டறைகளில் இதற்கென்றே செய்த ரீமரைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். அது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மவுத்பீஸ் கெட்டால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். அந்தக் குழாய்க்கு மாற்றுத் தேடி நீங்கள் எங்கெல்லாம் அலைய வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சரியான சரிவுள்ள மவுத்பீஸ் கிடைத்த பிறகும் ஆழம் சரியா என்ற ஐயம் வரலாம். அதற்குக் காகிதம் போதும். சாதாரண ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.; ஒரு சுற்று சுற்றினால் விட்டம் 0.2 மி.மீ. கூடி, மவுத்பீஸ் 4 மி.மீ. வெளியே வரும். ஒரு விரல் அகலக் கீற்றை ஒரே ஒரு சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டி, நீண்ட சுரங்களை வாசித்துப் பாருங்கள். குறிப்பாக மேல்தாயியில் சுரங்கள் தட்டாமல் பிடிபடுகின்றனவா, மெல்லிய ஓசையில் உடனே பேசுகின்றனவா என்று கவனியுங்கள். காகிதத்தோடு நன்றாக இருந்தால் ஷாங்க் இன்னும் சற்றுப் பருமனாக இருக்க வேண்டும் என்று தெரிகிறது. காகிதம் இல்லாமலே நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். இது சோதனைக்கு மட்டுமே. நம் ஊர்ப் பேண்டுகளில் ஷாங்கைச் சுற்றி நூலோ டெஃப்ளான் டேப்போ சுற்றிக்கொண்டு கல்யாண ஊர்வலம் முழுக்க வாசிப்பதைப் பார்க்கிறேன். ஒரு மாலைப் பொழுதை ஓட்ட அது உதவும். நாளடைவில் நூல் எச்சிலை உறிஞ்சி ஈரத்தை அங்கேயே பிடித்துவைத்துக் குழாயின் வாயை அரிக்கும்.

ஆழத்தைக் குறை சொல்வதற்கு முன் சுருதியைப் பற்றியும் ஒரு விஷயம். பழைய டிராம்போன் ஆர்கனோடு சேரவில்லை, மேலே போகிறது என்பார்கள். மவுத்பீஸ் சரியாக உட்காராததே காரணம் என்று முடிவு கட்டுவார்கள். கணக்கு அதை ஒத்துக்கொள்ளாது. டெனர் டிராம்போனின் குழாய் நீளம் சுமார் 2.7 மீட்டர். மவுத்பீஸ் 6 மி.மீ. வெளியே நின்றால் சுருதி குறைவது அரைச்சுரத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஆனால் பிரிட்டிஷ் பேண்டுகள் முன்பு ஏ சுரத்தை நொடிக்கு 440 அதிர்வுக்குப் பதில் 452.5 அதிர்வில் வைத்திருந்தன; பித்தளைப் பேண்டுகளில் இந்த உயர்சுருதி 1960-கள் வரை நீடித்தது. பூசி, ஹாக்ஸ் என்ற இரு கம்பெனிகளும் இணைந்தது 1930-இல்; அதன் பிறகு செய்த கருவிகளிலும் உயர்சுருதி உடையவை உண்டு. வேறுபாடு ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி. அதை ஈடுசெய்ய, சுருதியைத் திருத்தும் டியூனிங் ஸ்லைடை 4 செ.மீ. அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். உங்கள் கருவி அப்படிப்பட்டதாக இருந்தால் எந்த மவுத்பீஸும் அதைத் தீர்க்காது. இதைச் சோதிக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில், மதியம், ஓட்டு வீட்டில் வைத்து, சுருதி காட்டும் டியூனரைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். குழாய்க்குள் இருக்கும் காற்று 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுருதி அரைச்சுரத்தில் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். விடியற்காலையில் பாருங்கள். வெயிலில் பித்தளை விரிந்து மவுத்பீஸ் ஆடுகிறது என்று சிலர் சொல்வது மட்டும் சரியல்ல. 20 டிகிரி ஏறினாலும் 12 மி.மீ. விட்டத்தில் விரிவு ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்கைத் தாண்டாது, மவுத்பீஸும் கூடவே விரிகிறது.

இத்தனைக்கும் பிறகு, சிறிய ஷாங்கே உங்கள் குழாய்க்குப் பருமனாக இருக்கிறது, சரிவு ஒத்துப்போகிறது என்று தெரிந்தால், லேத்காரரிடம் மவுத்பீஸை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். கிண்ணத்தின் விளிம்பை லேத்தின் சக் தாடையில் நேரடியாகக் கவ்வ விடாதீர்கள். உதடு படும் இடத்தில் விழும் ஒரு கீறல்கூட வாசிப்பவரை நிரந்தரமாகத் தொல்லைப்படுத்தும். கிண்ணத்துக்குள் பொருந்துமாறு மரத்திலோ நைலானிலோ ஒரு கட்டை கடைந்து, அதை அழுத்தி, நுனியைச் சுழலும் சென்டரால் தாங்க வேண்டும். வெட்டும் கருவியைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடின் கோணத்தைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. அதில், நுண்ணிய வேறுபாட்டை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, இருக்கிற ஷாங்கின் மேல் ஓட்டி, முள் அசையாமல் நிற்கும் வரை கோணத்தைத் திருத்தினால் அதுவே சரியான சரிவு. ஒப்பிட்டுப் பார்க்க, இருபதுக்கு ஒன்று என்ற சரிவுக்கு அரைக்கோணம் சுமார் 1 டிகிரி 26 நிமிடம். பிறகு விட்டத்தில் ஒரு தடவைக்கு 0.05 மி.மீ. மேல் எடுக்காமல், எடுத்த ஒவ்வொரு முறையும் டிராம்போனில் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு 1 மி.மீ. உள்ளே போகும். ஆகவே டிராம்போனும் பட்டறைக்கு வர வேண்டும், லேத்திலிருந்து தள்ளிப் பத்திரமாக. நுனியில் ஷாங்கின் சுவர் ஏற்கெனவே மெல்லியது. தொடங்கும் முன் அதை அளந்து, கூர்மையாகும் அளவுக்குக் கடைய வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு, ஒல்லியான பழைய மவுத்பீஸ் ஒன்றைத் தேடுவது நல்லது. ஷாங்கில் வெள்ளி முலாம் போய்ப் பித்தளை தெரிவதால் வாசிப்பவருக்குத் தீங்கு இல்லை, உதடு அங்கே படுவதில்லை.

பொருத்திய பின் செருகும்போது உள்ளங்கையால் தட்டாதீர்கள். மெல்லச் செருகி, சற்றே திருப்பினால் அந்தச் சரிவு தானே கவ்விக்கொள்ளும். தட்டித் தட்டி இறுகிவிட்டால் குறடு போட்டுத் திருகவும் வேண்டாம், லீட்பைப் முறுக்கிக்கொள்ளும். மவுத்பீஸ் புல்லர் வைத்திருக்கும் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால் ஒரு நிமிட வேலை. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதற்கு நாள் குறிப்பிட்டிருப்பார்கள். ஆகவே மற்றதற்கெல்லாம் முன்பு, இன்றைக்கே ஷாங்கின் நுனி விட்டத்தையும், நுனியிலிருந்து 20 மி.மீ. மேலே உள்ள விட்டத்தையும், குழாய் வாயின் உள்விட்டத்தையும் அளந்து இங்கே எழுதுங்கள். மார்க்கர் கோடு எங்கே அழிந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், வாங்கியதை மாற்றுவதா, கடைவதா என்று திட்டமாகச் சொல்ல முடியும்.